கட்டுகிறவர் அங்கே உறங்குவதில்லை

(கேரளத்தில் பொன்முடி மலையடிவாரக் கல்லாற்றில் நடந்த கணினி விளையாட்டு வடிவமைப்பு முகாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2006இல் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் இருவரும் சேர்ந்து செய்தது. அழகான படங்கள் கிடையாது. திரை முழுக்க எழுத்துகளும் குறிகளும்தான். குள்ளர்கள் ஏழு பேர் ஒரு மலையடிவாரத்தில் வந்து இறங்குவார்கள். பாறையைக் குடைந்து அவர்களுக்கு ஒரு குடியிருப்பு அமைத்துத் தர வேண்டும். பார்க்க இவ்வளவு வறட்சியான இந்த விளையாட்டை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கும்.

அதில் டிராகன் உண்டு, பூதங்கள் உண்டு. ஆனால் அந்த ஆரம்பக் காலத்தில் ஆடியவர்கள் நடுங்கியது யானைக்கு. 'போட்மர்டர்ட்' என்ற ஒரு கோட்டையின் கதை மிகவும் பிரபலம். ஒருவர் ஓராண்டு ஆள்வார், பிறகு கோட்டையை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார். விளையாட்டுக்குள் ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் யானைகள் வந்து நின்றுகொண்டே இருந்தன. வெளியே விறகுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் உடலை எடுக்கப் போனவனும் திரும்பவில்லை. கடைசியில் ஒருவர் எரிமலைக் குழம்பை வாசலுக்குத் திருப்பி விடுகிற பொறி ஒன்றைச் செய்தார். யானைகள் எரிந்தன, கோட்டைக்காரர்களும் எரிந்தார்கள். தீயிலும் பைத்தியத்திலும் அந்தக் கோட்டை முடிந்தது.

யானை வரும் வழியில் வாசலை வைத்துவிட்டு யானையோடு சண்டை போட்ட கதை இது. இந்த மலையில் நின்று இதைச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். இன்று காலை நீங்கள் தேநீர் குடித்த கடைக்காரரிடம் கேளுங்கள், எந்த மாதத்தில் எந்தப் பக்கமாக யானை இறங்கும் என்று அவர் விரல் நீட்டிச் சொல்லுவார். பேஸ் அமைப்பைப் பற்றி, அதாவது விளையாட்டுக்குள் குடியிருப்பு கட்டுவதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதைக் கல்லாற்றில் வைத்துப் பேசுவதுதான் பொருத்தம்.

முதலில் 'ரிம்வேர்ல்ட்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். டைனன் சில்வெஸ்டர் உருவாக்கியது, முழு வடிவம் 2018 அக்டோபரில் வந்தது. உங்களில் பெரும்பாலோர் ஆடியிருப்பீர்கள். விண்கலம் உடைந்து மூன்று பேர் ஒரு வெற்று நிலத்தில் விழுகிறார்கள். கையில் கொஞ்சம் உணவு, கொஞ்சம் மருந்து, ஓரிரு துப்பாக்கி. புதிதாக ஆடுகிறவர் முதலில் என்ன செய்கிறார்? சுவர் எழுப்புகிறார். பெரிய சதுரமாக ஒரு மதில், உள்ளே அறை அறையாக. அது பேஸ் அல்ல, பேஸின் படம். மூன்று பேர் அந்த மதிலைக் கட்டி முடிப்பதற்குள் விதைக்க வேண்டிய பருவம் போய்விடும்.

கொஞ்ச காலம் ஆடியவர் மதிலை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ணத் தொடங்குவார். குடியிருப்பு நடப்பதும் நொடிப்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது. சமைப்பவன் அடுப்பிலிருந்து குளிர்அறைக்கு எத்தனை அடி நடக்கிறான்? வயலில் அறுத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறான்? படுக்கைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு நடைக்கு இருபது அடி மிச்சமானால், நாளெல்லாம் அதே நடை நடக்கிற ஆளுக்கு நேரம் நிறைய மிச்சம். அடுப்பை ஒட்டிக் குளிர்அறை வையுங்கள். ஆனால் இறைச்சி வெட்டும் மேசையை அடுப்படியில் வைக்காதீர்கள். ரத்தமும் அழுக்கும் சேர்ந்த அறையில் சமைத்தால் சாப்பாடு நஞ்சாகும், மூன்று பேரும் ஒரே நாளில் வாந்தியெடுத்துக் கிடப்பார்கள். சமையலறையை வடிவமைத்த எந்த அம்மாவுக்கும் இது தெரியும். நம் வீடுகளில் சமையலறையை வடிவமைத்தது அம்மாக்கள் அல்ல என்பது வேறு விஷயம்.

காலடிக் கணக்கை மட்டும் வைத்தே ஆட்டத்தை நடத்துகிற விளையாட்டு 'பேனிஷ்ட்'. லூக் ஹோடோரோவிச் என்ற ஒரே ஆள் தனியாக எழுதி 2014இல் வெளியிட்டது. அதில் எதிரியே கிடையாது. பசியும் குளிரும் முதுமையும்தான். வீடு ஒரு மூலையில், சுரங்கம் இன்னொரு மூலையில் என்று வைத்தால், வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். அதைவிட நுட்பமான சாவு ஒன்று அதில் இருக்கிறது. வீடு கட்டாமல் சிக்கனம் பிடித்தால் இளைஞர்கள் தனிக்குடித்தனம் போக முடியாது, குழந்தை பிறக்காது. களஞ்சியம் நிறைந்திருக்கும், ஊர் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் எல்லாரும் சேர்ந்து கிழடாகிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அறுவடைக்கு ஆளிருக்காது.

இப்படி மெதுவாகக் கொல்லும் தவறுகள்தான் என்னை இந்த வகை விளையாட்டுகளில் பிடித்து வைத்திருக்கின்றன. கொள்ளைக்காரன் வந்து கொன்றால் யாரும் பார்க்கலாம். கிளெய் நிறுவனத்தின் 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்' 2019இல் முழுமையாக வந்தபோது நிறையப் பேரைத் தோற்கடித்தது வெப்பம். ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் குடைந்து வாழ வேண்டும். கரியமில வாயு கனமானது, கீழே இறங்கித் தேங்கும். ஹைட்ரஜன் மேலே ஏறும். மூச்சுக்காற்று நடுவில். ஆகவே அங்கே வீட்டுப் படத்தைத் தரையில் போட முடியாது, செங்குத்தாகப் போட வேண்டும்: புகை கக்குகிற நிலக்கரி எந்திரம் எங்கே, உறங்கும் இடம் எங்கே என்பதை வாயுவின் எடை சொல்லும். இதைப் பலர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ளாதது இன்னொன்று. ஒவ்வோர் எந்திரமும் கொஞ்சம் சூடு விடுகிறது. அந்தச் சூடு சுவர் வழியாக நகர்ந்து நகர்ந்து பயிர் நிற்கும் அறைக்குப் போகிறது. முப்பது டிகிரி தாண்டியதும் அங்கே முதலில் நடுகிற பயிர் வளர்வதை நிறுத்திவிடும். உணவு ஏன் குறைகிறது என்று தேடுகிற ஆள் வயலைப் பார்ப்பான், தண்ணீரைப் பார்ப்பான். எப்போதோ, எங்கேயோ வைத்த எந்திரத்தைப் பார்க்கத் தோன்றாது.

சரி, வெளியே வாருங்கள். இந்த ஆற்றைப் பாருங்கள். உருண்டு வழவழப்பான பாறைகள், இடையில் முழங்கால் அளவுத் தண்ணீர். வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து கடைசியில் முதலைப்பொழி பக்கம் கடலைத் தொடும் நீர் இது. குளிக்கக் கூப்பிடுகிற ஆறு. ஆனால் பொன்முடிக்கு மேலே மழை பெய்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். குளிக்க இறங்கி உயிர்விட்டவர்கள் இந்த ஆற்றில் உண்டு, அதற்கான எச்சரிக்கைப் பலகைகளை வழியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறைகள் வழவழப்பாக இருப்பதே தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்பதற்குச் சாட்சி. ரிம்வேர்ல்டில் ஆறு ஒரு வசதி, வெறும் வசதி: நீர்ச்சக்கரம் வைத்து மின்சாரம் எடுக்கலாம். அடிப்படை விளையாட்டில் அந்த ஆறு ஏறாது. விளையாட்டு செய்ய வந்திருக்கும் உங்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பு அமைத்தவர்கள் காணிகள். திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களிலும், அகத்தியமலைக்கு நம் பக்கத்தில் குமரி, நெல்லைக் காடுகளிலும் இருக்கிறார்கள். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. 1883இல் சாமுவேல் மேட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலிலும், 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இம்மக்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. பழைய முறையில் அவர்கள் குடியிருப்பு எளியது: மூங்கில், நாணல், இலைக்கூரை. காட்டில் ஒரு துண்டைத் திருத்தி விதைப்பார்கள், சில பருவம் கழித்து நகர்ந்துவிடுவார்கள். பயிர்க்காவலுக்கு மரத்தின் மேல் ஏறுமாடம். நாம் பரண் என்போம். மூங்கில் ஏணியில் ஏறிப்போய் இரவில் அங்கேயே படுப்பார்கள்.

பேஸ் அமைக்கிறவன் கண்ணோடு ஏறுமாடத்தைப் பாருங்கள். யானையைத் தடுக்கும் மதில் கட்ட வேண்டுமானால் எவ்வளவு கல், எவ்வளவு ஆள், எத்தனை பருவம்! மதிலை விட்டுவிட்டு, ஆளை மட்டும் யானைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து பார்வையும் கிடைக்கிறது. கத்தினால் சத்தம் பரவும், தட்டினால் ஒலி கேட்கும். குடிசை போனால் ஒரு வாரத்தில் இன்னொரு குடிசை. எதை இழந்தால் பரவாயில்லை, எதை இழக்கவே கூடாது என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்ட வடிவமைப்பு அது. ரிம்வேர்ல்டில் இருபது அறைகளை ஒட்டி ஒட்டிக் கட்டி, மரச்சுவரில் ஒரு தீப்பொறி விழுந்ததும் அத்தனையையும் இழக்கிறவர்கள் இந்த ஒரு முடிவைத்தான் எடுக்காமல் விட்டிருப்பார்கள். இடைவெளி விட்டுக் கட்டியிருந்தால் நாலு அறை போயிருக்கும்.

இதைச் சொல்வதால் காட்டுவாழ்க்கை சுகமானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யானையால் இறந்தவர்கள் இந்த மலைகளில் உண்டு. ரோடு இல்லாமல் நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. இன்று காணிகள் ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் இருக்கிறார்கள், ரப்பரும் மிளகும் போடுகிறார்கள், சூரிய மின்வேலி வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்பது சரிதான்.

இப்போது சேமிப்புக்கு வருகிறேன். ரிம்வேர்ல்டில் கொள்ளைக்கூட்டத்தின் அளவை விளையாட்டு எப்படித் தீர்மானிக்கிறது தெரியுமா? உங்கள் ஆட்களையும் உங்கள் சொத்தையும் கணக்கிடுகிறது. களஞ்சியத்தில் கிடக்கும் பொருளின் மதிப்பு முழுதாகச் சேரும், கட்டடத்தின் மதிப்பு பாதியாகச் சேரும். வெள்ளியும் பட்டும் சிலைகளுமாகக் குவித்தால், அந்தக் குவியலுக்கு ஏற்ற கூட்டம் வாசலுக்கு வரும். உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்துச் சேர்த்ததுதான் அவர்களை அழைத்து வருகிறது. அனுபவசாலிகள் விற்க முடிந்ததை விற்று, தேவையில்லாததை எரித்தே விடுவார்கள். பார்க்க வயிறு எரியும்.

இந்தக் கல்லாற்றில் அந்தக் கணக்கில் சேராத ஒரு களஞ்சியம் இருக்கிறது. காணிக் குடியில் பிறந்த வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மா. விஷக்கடி மருத்துவத்துக்குப் பேர்பெற்றவர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவர். எந்தக் கொள்ளைக்காரனும் தூக்கிப்போக முடியாத சொத்து. ஆனால் ஆட்டக்காரராக யோசித்தால் இன்னொரு கவலையும் வரும்: மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் மருத்துவம் தெரியும், அவரே காய்ச்சலில் விழுந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது ஆளுக்கு எப்போது கற்றுக்கொடுத்தீர்கள்? நல்ல ஆட்டக்காரர் சண்டையில்லாத நாட்களில் அந்த வேலையைத்தான் பார்ப்பார்.

அறிவு வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டப் போன காணி இளைஞர்கள் களைப்பு தெரியாமல் நடக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது; 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மஸிக்கு உரிமம் போனது. வருமானத்தில் காணிகளுக்குப் பங்கு என்று 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகமெங்கும் பேசப்பட்ட ஏற்பாடு. கூடவே வந்தவை: செடிக்குக் கிராக்கி, காட்டிலிருந்து செடியை எடுப்பது பற்றி வனத்துறையோடு இழுபறி, பங்கு யாருக்கு என்ற பேச்சு. சொத்துக் கணக்கில் ஒரு வரி ஏறியதும் வாசலுக்கு ஆள் வருகிறார்கள்.

வாசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் காத்திருப்பது 'கில்பாக்ஸ்' பற்றிக் கேட்கத்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு ஒரே ஒரு வழியைத் திறந்து வைப்பது. விளையாட்டு எதிரியின் மூளை சுவரை உடைப்பதைவிடத் திறந்த வழியையே தேடும். அந்த வழியில் வளைவும் பொறியும் வைத்து, கடைசியில் உங்கள் துப்பாக்கிகளை நிறுத்துவது. திருக்குறளில் அரணுக்கென்றே 75ஆம் அதிகாரம் இருக்கிறது. காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளே பரப்பு பெரிதாகவும் இருப்பதை அது ஒரு தகுதியாகச் சொல்கிறது. கில்பாக்ஸுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. டைனன் சில்வெஸ்டருக்கு கில்பாக்ஸ் பிடிக்கவில்லை போலும். சுவரைத் தோண்டி வருபவர்கள், வானத்திலிருந்து நேரே கூரையைப் பொத்துக்கொண்டு இறங்குபவர்கள், மலைக்குள் ஒளிந்தால் பாறைக்குள்ளிருந்தே பிறந்து வரும் பூச்சிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

ஒரே வழி என்பதன் மறுபக்கத்தைப் பார்க்க நீங்கள் அதிகம் நடக்க வேண்டாம். இங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் பொன்முடி. 2022 மழையில் ஒரு வளைவருகே சாலை இடிந்து போனது, மாதக்கணக்கில் மேலே போக்குவரத்து நின்றது. ஆற்றுக்கும் மழைக்கும் உங்கள் பொறி புரியாது. எதிரிக்காக மூடிய வழிகள் உங்களுக்கும் மூடியவைதான்.

அந்தப் பொன்முடிச் சரிவில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே போய் நிற்கும்போது எனக்கு எப்போதும் இந்த விளையாட்டுகளின் திரை நினைவுக்கு வரும். தோட்டம் என்பதே மேலிருந்து பார்த்துப் போட்ட பேஸ் அல்லவா? துரை பங்களா எல்லாவற்றையும் பார்க்கிற உயரத்தில். தொழிற்சாலை பாதைக்குப் பக்கத்தில். பெரட்டுக் களம், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில். லயம் எங்கே? தண்ணீர் எட்டுகிற பள்ளத்தில், தேயிலைக்குப் பயன்படாத துண்டில், ஒரே வரிசையாக. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் சிறு திண்ணை. கங்காணி விடியற்காலையில் ஒரு நடை நடந்தால் எல்லாரையும் எழுப்பிவிடலாம். காலடிக் கணக்கில் குறையே சொல்ல முடியாத வடிவமைப்பு. இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் மூணாறிலும் இதே படம்தான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்கள். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும். அங்கும் மண்ணுக்கடியில் போனவற்றில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் உண்டு.

லயத்துக்கு இடம் குறித்தவர் அந்த இடத்தில் ஓரிரவும் படுக்க வேண்டியிருக்கவில்லை. நம் விளையாட்டுகளிலும் அப்படித்தான். கட்டுகிறவர் அங்கே உறங்குவதில்லை. நாம் மேகத்துக்கு மேலே ஒரு கேமராவாக மிதந்துகொண்டு சுட்டியால் படுக்கைகளை வரிசை வரிசையாக வைக்கிறோம். ஒன்றைச் சொல்ல வேண்டும், ரிம்வேர்ல்ட் அதற்குக் கொஞ்சம் தண்டனை வைத்திருக்கிறது: ஒரே கூடத்தில் பலரைப் படுக்க வைத்தால் தூக்கம் கலைகிறது, மனம் சோர்கிறது, ஒருநாள் எவனோ ஒருவன் கத்திக்கொண்டு எல்லாவற்றையும் உடைக்கிறான். அறை அழகாக இருந்தால் மனம் தெளிகிறது. துரைமார் கணக்கேட்டில் இல்லாத ஒரு பத்தி அந்த விளையாட்டில் இருக்கிறது. ஆனாலும் நாம் அதைத் திறன் குறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் கவனிக்கிறோம்.

ஏறுமாடம் கட்டியவன் அதில் படுத்தான். ஏணிப்படி எந்த இடத்தில் ஆடுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அவன் உடம்புக்குத் தெரியும். ஆகவே அடுத்த தடவை நீங்கள் பேஸ் அமைக்கும்போது ஒரு பழக்கத்தைக் கையாளுங்கள். ஆட்டத்தை நிறுத்தி, உங்கள் ஆட்களில் மிக மெதுவாக நடக்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். காலில் காயம் பட்டவர், கிழவர், யாராவது. அவருடைய ஒரு நாளைத் தொடர்ந்து பாருங்கள். எழுகிறார், சாப்பிடப் போகிறார், தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவார்? நன்றாக ஓடுகிற உங்கள் சிறந்த வீரனை வைத்துச் சோதித்த பேஸ் நம்பத் தகுந்ததல்ல.

இந்த முகாமில் நீங்கள் ஒரு விளையாட்டின் முன்வடிவம் செய்யப் போகிறீர்கள் என்று சொன்னார்கள். என் பங்குக்கு இரண்டு மூன்று நிபந்தனைகள். களம் மேற்குத்தொடர்ச்சி மலைச் சரிவாக இருக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு மழை: இடவப்பாதியும் துலாவர்ஷமும், நம் கணக்கில் தென்மேற்கும் வடகிழக்கும். மேலே எங்கோ பெய்த மழைக்கு ஆறு இங்கே ஏற வேண்டும். யானைக்கென்று ஒரு வழி இருக்க வேண்டும். வரைபடத்தில் அதைக் காட்டாதீர்கள், சாணத்தையும் ஒடிந்த மூங்கிலையும் பார்த்து ஆடுபவரே கண்டுபிடிக்கட்டும். கேமரா மரத்தின் உயரத்துக்கு மேல் போகவே கூடாது. ஆடுபவருக்கும் ஊருக்குள் ஓர் உடம்பு இருக்க வேண்டும். இரவானால் அவர் வைத்த படுக்கைகளில் ஒன்றில் அவரும் படுத்தாக வேண்டும், எது என்பதை விளையாட்டு சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும். சேமித்து வைத்துத் திரும்ப ஆடும் வசதியை எடுத்துவிடுங்கள். விற்பனை குறையும், தெரியும்.

கேள்விகள் இருந்தால் சாப்பாட்டுக்கு முன் கேட்டுவிடுங்கள். கில்பாக்ஸின் நீளம் எத்தனை கட்டம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன்.